ஆர்வில் கையெழுத்திட்ட அறிவிப்பு

மினசோட்டாவின் மேற்கு ஓரத்தில் உள்ள நார்விக் ஃபால்ஸ் என்ற ஊரில் கணினி என்றால் ஆர்வில் ரொன்னிங்தான். ஊரில் வேறு ஆள் இல்லை என்பது முதல் காரணம். ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை. தெரியாது என்ற சொல்லை அவர் வாழ்நாளில் யாரிடமும் சொன்னதில்லை என்பது அடுத்த காரணம்.

டிராக்டர் உதிரிபாகக் கடையின் கவுண்டருக்குப் பின்னால் நின்றே அவருடைய வேலைக்காலம் முழுவதும் கழிந்தது. உடைந்த இரும்புத் துண்டு ஒன்றை விவசாயி கொண்டுவந்து போட்டால், அது எந்த வண்டியின் எந்த இடத்தில் இருந்தது என்று பார்த்தவுடன் சொல்லுவார். தெரியாவிட்டாலும் சொல்லுவார். தவறான பாகத்தை வாங்கிப் போனவர்கள் திரும்பி வந்து, "தப்பு என்மேலதான் ஆர்வில், நான் சரியாச் சொல்லல" என்பார்கள். அந்த ஊரில் நாகரிகம் அப்படி. அந்த நாகரிகத்தின் நிழலில் ஒரு மனிதன் தன்னை மேதை என்று நம்பிக்கொண்டே ஓய்வு பெற்றுவிட முடியும்.

ஓய்வு பெற்ற ஆண்டில் தேவாலய அலுவலகத்தின் அச்சு இயந்திரம் நின்றுபோனது. ஆர்வில் போய் அதை அணைத்து, ஒரு கோப்பை காபி குடித்து, மறுபடி போட்டார். ஓடியது. அடுத்த ஞாயிறு முதல் தேவாலய வாரத் தாளின் கடைசிப் பக்கம் அவருடையதாயிற்று. அதற்கு அவரே வைத்த பெயர் "ஆர்வில் சொல்கிறார்".

சொன்னதெல்லாம் நல்ல விஷயங்களே. புதுப்பிக்கச் சொல்லிக் கணினி கேட்டால் புதுப்பியுங்கள், தள்ளிப்போடாதீர்கள். நாய் பெயரைக் கடவுச்சொல்லாக வைக்காதீர்கள். எல்லாக் கதவுக்கும் ஒரே சாவி வேண்டாம். இணையத்தில் எதையும் பதிவிறக்கும் பக்கத்தில் பெரிதாக, பச்சையாக இருக்கும் பொத்தான் விளம்பரம். உண்மையான பொத்தான் சின்னதாகக் கீழே எங்கோ இருக்கும். முக்கியமான கோப்புக்கு இரண்டு நகல் வையுங்கள், ஒன்று வீட்டுக்கு வெளியே இருக்கட்டும். பரிசு அட்டை வாங்கி அதன் எண்ணைச் சொல் என்பவன் திருடன். இவற்றை எங்கிருந்தோ படித்துத்தான் எழுதினார். ஆனால் தெளிவாக எழுதினார். ஊர் படித்தது, கேட்டு நடந்தது. மளிகைக் கடை நடத்தும் பெவ் ஹலாண்ட், பரிசு அட்டை பற்றிய குறிப்பைப் பெரிய எழுத்தில் அச்சடித்து, கல்லாவுக்கு மேலே ஒட்டிவைத்தாள். ஆர்வில் அதில் கையெழுத்துப் போட்டார். கூடவே கிறிஸ்துமஸ் கம்பளிச் சட்டை போட்ட தன் படத்தையும் கொடுத்தார்.

அவர் வீட்டுக் கணினி வேறு உலகம். புதுப்பிக்கச் சொல்லி அது கெஞ்சும்போதெல்லாம் "நாளை" என்பதை அழுத்துவார். கடவுச்சொல் எல்லாவற்றுக்கும் ஒன்றே: பஸ்டர் என்ற செத்துப்போன நாயின் பெயரும், தான் பிறந்த ஆண்டும். நகல் என்று எதுவும் கிடையாது. ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதை நமக்குத் தெரியும். அது விழுவதற்கு முன்பு எவ்வளவு நிம்மதியாகச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்தது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை.

தேவாலயத்துக்கு நூற்று இருபத்தைந்தாவது ஆண்டு வந்தது. மகளிர் வட்டம் சமையல் புத்தகம் போட முடிவு செய்தது. உயிரோடு இருப்பவர்கள், கல்லறையில் இருப்பவர்கள் எல்லாருடைய சமையல் குறிப்புகளும் வர வேண்டும். பெண்கள் டப்பாக்களிலிருந்து எடுத்துக் கொடுத்த அட்டைகளில் எண்ணெய்க் கறை இருந்தது, மாவு ஒட்டியிருந்தது, ஓரங்களில் இறந்துபோன தாய்மார்களின் எழுத்து இருந்தது. ஆர்வில் எல்லாவற்றையும் தட்டச்சு செய்தார். தட்டச்சு முடிந்த அட்டைகளை கராஜ் அடுப்பில் போட்டார்.

மகளிர் வட்டத்தின் தலைவி ஆர்டிஸ் குவால். எண்பதைத் தாண்டியவள், முதுகு இன்னும் நேராக இருந்தது. அவள் மட்டும் ஒரு தடவை கேட்டாள். "அட்டையைத் திருப்பித் தருவியா ஆர்வில்?"

"காகிதம் எதுக்கு ஆர்டிஸ்? எல்லாம் கம்ப்யூட்டர்ல பத்திரமா இருக்கு."

"ம். அது ஒரு மாதிரி வித்தியாசமாத்தான் இருக்கு" என்றாள் ஆர்டிஸ். அந்த ஊரில் ஒன்றை 'வித்தியாசம்' என்று சொன்னால் அதைவிடக் கடுமையான வசை கிடையாது. ஆர்விலுக்கு அது பாராட்டாகக் கேட்டது.

மார்ச் மாதம். காற்று வீட்டை உலுக்கிக்கொண்டிருந்த ஒரு மதியம். மனைவி டெலோரிஸ் தேவாலயத்தில் தவக்கால சூப்புக்கு வெங்காயம் நறுக்கப் போயிருந்தாள். புத்தகம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. அதன் மேலட்டைக்கு ஒரு பூவேலைக் கரை மட்டும் வேண்டும். ஆர்வில் தேடினார். இலவசம் என்று ஒரு பக்கம் வந்தது. நடுவில் பெரிதாக, பச்சையாக ஒரு பொத்தான். அழுத்தினார்.

திரை சிவந்தது. தீயணைப்பு வண்டி வீட்டுக்குள் வந்ததுபோல் ஊளை. உங்கள் கணினி பூட்டப்பட்டது, அணைக்காதீர்கள், அணைத்தால் எல்லாக் கோப்புகளும் அழியும், இந்த எண்ணை உடனே அழையுங்கள் என்று எழுத்துகள் துடித்தன.

இதைப் பற்றியும் அவர் எழுதியிருக்கிறார். அது வெறும் படம், பவர் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு எழுந்து போய் முகம் கழுவுங்கள், அதில் உள்ள எண்ணை மட்டும் அழைக்காதீர்கள் என்று. ஆனால் 'எல்லாக் கோப்புகளும்' என்று படித்தபோது அவருக்கு ஆர்டிஸின் முகம் தெரிந்தது. கராஜ் அடுப்பின் சாம்பல் தெரிந்தது. பயம் வந்தவனுக்குப் படித்தது நினைவுக்கு வராது, எழுதியவனுக்கும் அப்படியே.

அழைத்தார்.

"வணக்கம் சார், பாதுகாப்புப் பிரிவு. என் பேர் கெவின்."

"மன்னிச்சுக்கங்க கெவின். வேலை நேரத்துல தொந்தரவு பண்றேன்."

"நான் உங்க கம்ப்யூட்டருக்குள்ள வந்து சரி பண்ணித் தரேன் சார்."

"அய்யோ, வேண்டாம் வேண்டாம். உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

விவரமான ஆளாக இருப்பார் போலிருக்கிறதே என்று கெவின் நினைத்திருப்பான். "சிரமமே இல்ல சார். இதுதான் என் வேலை."

"இருக்கட்டும் கெவின். நாங்க எப்படியோ சமாளிச்சுக்கறோம்."

அது எச்சரிக்கை அல்ல, வளர்ப்பு. நார்விக் ஃபால்ஸில் காபி வேண்டுமா என்று முதல் தடவை கேட்டால் வேண்டாம் என்பார்கள். இரண்டாம் தடவையும் வேண்டாம் என்பார்கள். மூன்றாம் தடவை கேட்டால், "சரி, போட்டிருந்தா அரைக் கோப்பை" என்பார்கள். முதல் தடவையே வாங்குகிறவன் பேராசைக்காரன். மூன்றாம் தடவையும் மறுக்கிறவன் திமிர் பிடித்தவன். ஊரைக் கொள்ளையடிக்க வருபவனுக்குத் தேவை அந்த மூன்றாம் தடவை ஒன்றுதான்.

"சார், தயவுசெஞ்சு. நான் உள்ள வந்தாத்தான் உங்க ஃபைல் பொழைக்கும்."

"சரி, உங்களுக்கு அவ்வளவு சிரமம் இல்லன்னா" என்றார் ஆர்வில். கெவின் சொன்னதையெல்லாம் அழுத்தினார். அம்புக்குறி தானாக நகர ஆரம்பித்தது.

பாதுகாப்பு உரிமம் காலாவதியாகிவிட்டது என்றான் கெவின். புதுப்பிக்க, கடைக்குப் போய்ப் பரிசு அட்டைகள் வாங்கி எண்களைச் சொல்ல வேண்டும். போனை வைக்கக் கூடாது. யாரிடமும் பேசக் கூடாது.

ஆர்விலுக்குத் தெரிந்துவிட்டது, இவன் திருடன். தெரிந்தும் என்ன செய்வது? போனை வைக்க வேண்டும். அந்த ஊரில் போனை வைப்பது பெரிய சடங்கு. முழங்காலில் தட்டி, "சரி, அப்போ" என்று தொடங்க வேண்டும். பிறகு வானிலை. பிறகு போனில் பேசுகிறவரின் வீட்டார் உடல்நலம். பிறகு இன்னொரு "சரி, அப்போ". ஆர்வில் முழங்காலில் தட்டத்தான் செய்தார்.

"சரி, அப்போ, கெவின்..."

"லைன்லயே இருங்க சார்."

இரு என்று ஒரு மனிதன் சொல்லும்போது எப்படி வைப்பது? போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, வண்டியை எடுத்தார்.

பெவ்வின் கடையில் அட்டைகளைக் கல்லாவில் வைத்துவிட்டு நிமிர்ந்தார். எதிரே கம்பளிச் சட்டையில் அவரே சிரித்துக்கொண்டிருந்தார். படத்துக்குக் கீழே அறிவிப்பு. அட்டை வாங்க வருபவர் யாராக இருந்தாலும் கடைக்காரர் கேட்க வேண்டியவை: யாருக்கு? யார் வாங்கச் சொன்னது? இப்போது போனில் யாராவது இருக்கிறார்களா? 'யாராக இருந்தாலும்' என்பதற்கு அடியில் அவரே கோடு போட்டிருந்தார்.

"எப்படிப் போகுது ஆர்வில்?" என்றாள் பெவ்.

"மோசமில்ல."

"காத்து ஜாஸ்தி."

"போன வாரம் அளவுக்கு இல்ல."

பெவ் அட்டைகளைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். "கேக்கறதுக்கு எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. ஆனா கேக்கணும்னு போட்டிருக்கு."

"போட்டது யாருன்னு எனக்குத் தெரியும் பெவ்."

"அதான். இல்லன்னா விட்டிருப்பேன்." அவள் முகம் தெளிந்தது. "ஓ! நான் ஒழுங்காக் கேக்கறேனான்னு பாக்க வந்தீங்களா? சோதனையா?"

கடவுள் சில சமயம் நமக்கு ஜன்னலைத் திறந்துவிடுவார். ஆமாம், சோதனைதான், நீ தேறிவிட்டாய் என்று சொல்லிவிட்டுத் தலை நிமிர்ந்து வெளியே போயிருக்கலாம். ஆர்வில் வாயைத் திறந்தார்.

"சார், அந்தப் பொம்பளகிட்டப் பேசாதீங்க" என்றது சட்டைப் பை.

வரிசையில் அவருக்குப் பின்னால், தள்ளுவண்டி நிறையக் காளான் சூப் டின்களோடு ஆர்டிஸ் குவால் நின்றிருந்தாள். "ஆர்வில்," என்றாள், "உன் சட்டைப் பை பேசுது."

பெவ் கையை நீட்டினாள். ஆர்வில் போனைக் கொடுத்தார். அவள் அதை ஸ்பீக்கரில் போட்டுக் கல்லாமேல் வைத்தாள்.

"ஹலோ, நான் பெவ். ஆர்வில் இப்ப கிளம்பணும். உங்க வேலையக் கெடுத்துக்கிட்டு நாங்க ஏன் நிக்கணும், நீங்க பாருங்க. அங்கயும் காத்து அடிக்குதா?"

கெவின் ஒரு சொல் சொன்னான். அதை இங்கே எழுத முடியாது. பிறகு போனை வைத்தான். போய்வருகிறேன்கூடச் சொல்லாமல்.

திருடன் என்பதைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். "போயிட்டு வரேன்னு ஒரு வார்த்தை இல்ல" என்றாள் பெவ், கல்லாவைப் பிடித்துக்கொண்டு.

"யாரு பெத்த பிள்ளையோ" என்றாள் ஆர்டிஸ். டின்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். "சமையல் புத்தகம் எப்படிப் போகுது ஆர்வில்?"

"மோசமில்ல" என்றார் ஆர்வில்.

வீட்டுக்கு ஓடினார். திரை சாதுவாக நீலமாக இருந்தது. சமையல் புத்தகம் இருந்த கோப்புறை மட்டும் இல்லை. போகிற போக்கில் கெவின் அதையும் அழித்துவிட்டுப் போயிருந்தான்.

டெலோரிஸ் வெங்காய வாசத்தோடு உள்ளே வந்தபோது, அவர் நாற்காலியில் சாம்பல் நிறமாக உட்கார்ந்திருந்தார். அவள் முதியோர் இல்லத்தில் முப்பது வருடம் பணிவிடை செய்தவள். விழுந்தவரைப் பார்த்தால் அவள் கூச்சலிட மாட்டாள், உடனே தூக்கவும் மாட்டாள். முதலில் எங்கே அடி, எங்கே ரத்தம் என்று பார்ப்பாள். முழுக்கதையும் கேட்டாள். கேட்டுக்கொண்டே போய் இணைய வயரைப் பிடுங்கினாள்.

"பேங்க் நம்பர் எங்க இருக்கு?"

"கம்ப்யூட்டர்ல பார்த்தா..."

"அதத் தொடாத. கார்டு பின்னாடி இருக்கும். கூப்பிடு. இப்பவே."

கூப்பிட்டார். கணக்கில் யாரும் கை வைக்கவில்லை. பாதுகாப்புக்காக வங்கி அட்டையை முடக்கி, வேறு அனுப்புவதாகச் சொன்னார்கள். டெலோரிஸ் தன் டேப்லட்டை எடுத்து உட்கார்ந்தாள்.

"இனி பாஸ்வேர்டு. ஒண்ணொண்ணா மாத்தணும். மொத்தம் எத்தனை?"

"ஒண்ணுதான்."

"பஸ்டரா?"

"பஸ்டர்தான்."

"பாவம், செத்தும் அதுக்கு ஓய்வு இல்ல. முதல்ல மெயில். மத்த எல்லாக் கதவும் அது வழியாத்தான் திறக்கும்னு நீயே எழுதியிருக்க."

எல்லாம் மாற்றி முடித்தபோது ஆர்வில் அந்தப் பேச்சை எடுத்தார். "டெலோரிஸ், புத்தகம் போச்சு. அட்டைய எல்லாம் எரிச்சுட்டேன். ஆர்டிஸோட அம்மா எழுதினதும் அதுல இருந்துச்சு."

"தெரியும். கராஜ்ல வேலை பார்த்தா சாம்பல் அள்ளறது நான்தானே."

"நகல் எடுக்கல."

"நீ எடுக்கல."

அவர் நிமிர்ந்தார்.

"வீட்டுக்கு வெளிய ஒண்ணு வைங்கன்னு எழுதின இல்ல? தாளப் படிச்சேன். வாரா வாரம், நீ சனிக்கிழமை காபி குடிக்கப் போனதும் பென் டிரைவ்ல எடுத்துக்குவேன். சர்ச் ஃப்ரீசர்ல, லெஃப்சா ரொட்டிக்கு அடியில இருக்கு. சர்ச் எரிஞ்சாலும் ஃப்ரீசர் எரியாதுன்னு நினைச்சேன்."

"ஏன் எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கல" என்றாள் டெலோரிஸ். "அப்புறம், உன் மனசு நோகுமேன்னு."

பென் டிரைவைக் கொண்டுவந்து, உறைந்த கறியை வைப்பதுபோல் மேஜைமேல் வைத்து, வியர்த்து உலரும்வரை காத்திருந்தார்கள். கெவின் கை வைத்த கணினியில் அதைச் செருகவில்லை. அது பெரிய ஊர்க் கடைக்குப் போய், முழுதும் துடைத்துத் திரும்பி வந்தது. டெலோரிஸின் டேப்லட்டில் பார்த்தார்கள். ஒரே பாத்திரத்தில் சுட்டெடுக்கும் ஹாட்டிஷ் எல்லாம் இருந்தது. சாலட் இருந்தது, ஜெல்லியில் கேரட் துருவிப் போட்டதையும் சாலட் என்றே அந்த ஊர் சொல்லும். தட்டில் சுட்டுத் துண்டு போடும் பார் இனிப்புகள் பகுதி மட்டும் இல்லை. தவக்காலம் தொடங்கிய சாம்பல் புதன் முதல் டெலோரிஸுக்கு சூப் வேலை வந்துவிட்டது, சனிக்கிழமைகளை விட்டுவிட்டாள். அந்த வாரங்களில்தான் ஆர்வில் இனிப்புகளைத் தட்டச்சு செய்திருந்தார்.

"நீயே போய்க் கேட்டு வாங்கிட்டு வா" என்றாள் டெலோரிஸ். "நான் வரமாட்டேன்."

வீடு வீடாகப் போனார். எந்த வீட்டிலும் யாரும் கெவினைப் பற்றிக் கேட்கவில்லை. அன்று மதியம் கடையில் நடந்தது அன்று மாலைக்குள்ளேயே ஊருக்கே தெரிந்துவிட்டது என்று அவருக்குத் தெரியும். தெரியாததுபோல் அவர்கள் காபி ஊற்றினார்கள். "கம்ப்யூட்டர் எப்படி இருக்கு?" "மோசமில்ல." பார்ப்பதற்குப் பரிவு போலவே இருக்கும் அந்த அமைதி ஒவ்வொரு வீட்டிலும் அவர்மேல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டு ஒரு நாளில் ஆறும். இது படுக்கைப் புண் மாதிரி, வெளியே லேசான சிவப்பு, உள்ளே ஆழம்.

கடைசியாக ஆர்டிஸ் வீடு.

"உங்க எலுமிச்சை பார் குறிப்பு மறுபடி வேணும் ஆர்டிஸ்."

"அந்தப் பழசு எதுக்கு? யாரும் செய்யமாட்டாங்க."

"இல்ல ஆர்டிஸ், அது வேணும்."

"விடு. பக்கம் மிச்சம்."

இப்போது முறை அவருடையது. "ஆர்டிஸ், உங்கம்மா எழுதின அட்டைய நான் எரிச்சுட்டேன். நீங்க சொன்னாத்தான் அது இனி எங்கயும் இருக்கும்."

மூன்றாம் தடவை. ஆர்டிஸ் மனப்பாடமாகச் சொன்னாள், அவர் எழுதிக்கொண்டார். முழங்காலில் தட்டி, "சரி, அப்போ" என்றார். வானிலை பேசினார்கள். எழுந்தார்கள். கதவுவரை வந்து, மறுபடி வானிலை. அந்த ஊரில் உண்மை எப்போதும் கதவுக் கைப்பிடியில்தான் தொங்கும்; கை அதன்மேல் பட்டபிறகே வாய்க்கு வரும்.

"ஆர்வில், அந்தக் கெவின். எனக்கும் போன் பண்ணினான். ஜனவரியில."

ஆர்வில் கைப்பிடியை விட்டார்.

"பரிசு அட்டை வாங்கச் சொன்னான். வாங்கினேன்."

"பெவ் கேட்டிருப்பாளே!"

"அதுக்குத்தான் பக்கத்து ஊருக்குப் போனேன்." ஆர்டிஸ் ஜன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டு சொன்னாள். "உன் போர்டைப் படிச்சிருக்கேன். நல்லா எழுதியிருக்க. பெவ்கிட்ட பதில் சொல்றதைவிட, பனியில அவ்வளவு தூரம் ஓட்டறது சுலபமா இருந்துச்சு. போலீஸ்ல சொல்லல. பேங்க்ல சொல்லல. உங்கிட்ட எப்படிச் சொல்றது, நீ எல்லாம் தெரிஞ்சவன்."

ஆர்வில் வாசலிலேயே நின்றார். "சொல்லணும் ஆர்டிஸ். இப்பவாவது. காசு திரும்பி வருமான்னு எனக்கு..." அடுத்து வரவேண்டியது, இரும்புத் துண்டுகளைப் பார்த்துப் பார்த்து வாழ்நாளெல்லாம் விழுங்கிய சொல். "எனக்குத் தெரியாது. ஆனா ரசீது இருந்தா, அட்டை போட்ட கம்பெனிக்குச் சொல்லிப் பாக்கலாம். போலீஸுக்கும். நானும் வரேன்."

"வேண்டாம், உனக்கு எதுக்குச் சிரமம்."

"நான் வரேன்."

"இருக்கட்டும் ஆர்வில்."

"வண்டி வெளியதான் நிக்குது" என்றார். ஆர்டிஸ் கோட்டை எடுத்தாள்.

காசு வரவில்லை. ஆனால் அவர்கள் போய் வந்ததை ஊர் பார்த்தது. அந்த வாரமே இன்னும் மூன்று பேர், ஒவ்வொருவராக, டெலோரிஸ் இல்லாத நேரம் பார்த்து வந்து ஆர்விலிடம் தங்கள் கெவின்களைப் பற்றிச் சொன்னார்கள்; எல்லாரும் வாசலில், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு.

சமையல் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஆர்வில் தன் குறிப்புகளின் சாரத்தைப் போடுவதாக இருந்தார். அதை எடுத்துவிட்டு வேறொன்று எழுதினார். தெரியாதவன் போனில் அவசரப்படுத்தினால், போய்வருகிறேன் சொல்லாமல் வையுங்கள், கடவுள் மன்னிப்பார். அவன் யாரிடமும் சொல்லாதே என்றால், எதிரில் வரும் முதல் ஆளிடம் சொல்லுங்கள். நானும் ஏமாந்தேன். பெவ் கேட்டதால் தப்பினேன்.

எழுதியதோடு நிற்கவில்லை. வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் குறிப்பைத் தானே கடைப்பிடித்தார். தெரியாத எண்ணிலிருந்து ஒரு பெண் அழைத்து, "மிஸ்டர் ரொன்னிங், அவசரமா ஒரு பதில் வேணும்" என்றாள். வைத்தார். மறுநாளும் அழைத்தாள். வைத்தார். அதற்கடுத்த நாள் அவள் பெயரைச் சொல்வதற்குள்ளேயே வைத்துவிட்டு, டெலோரிஸைப் பெருமையாகப் பார்த்தார்.

அவள் அச்சகத்துக்காரி. எலுமிச்சை பாரில் மாவின் அளவு விட்டுப்போயிருக்கிறது என்று கேட்கத்தான் அழைத்தாள்.

ஆண்டு விழாவுக்கு வரவேண்டிய புத்தகம் விழா முடிந்து இரண்டு வாரம் கழித்து வந்தது. மேலட்டையில் பூவேலைக் கரை இல்லை. ஆர்டிஸ் அதைப் புரட்டினாள், தன் அம்மாவின் பெயர் இருந்த பக்கத்தில் கொஞ்சம் நின்றாள், கடைசிப் பக்கத்தையும் படித்தாள். மூடிவைத்தாள்.

"மோசமில்ல" என்றாள்.